கேட்டு வாங்குங்கள்!



உண்டியல் பணத்தைச் சேர்த்து, பழைய கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு வாங்கினான், என் பேரன். ஏற்கனவே இருந்த ராமையே அதில் மாட்டிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. மாட்டிப் பார்த்தான், உட்காரவில்லை. நல்லவேளை, அழுத்தித் திணிக்கவில்லை!

அவனிடம் இருந்தது, டி.டி.ஆர்.4 ராம், போர்டுக்குத் தேவை, டி.டி.ஆர்.5. இரண்டிலும் 288 பின்கள்தான். பார்வைக்கு அண்ணன், தம்பி போல இருக்கும். ஆனால், அடியில் உள்ள சிறு வெட்டு, ஒன்றில் ஓரிடத்திலும், மற்றதில் வேறிடத்திலும் இருக்கும். வேலை செய்யும் மின்னழுத்தமும் வேறு, முதலாவதற்கு 1.2 வோல்ட், அடுத்ததற்கு 1.1 வோல்ட். மாற்றி மாட்டிக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், அந்த வெட்டு இடம் மாறியிருக்கிறது.

'கடையில் யாரும் சொல்லலியே தாத்தா...' என்றான்.

'நீ கேட்டாயா?' என்றேன். பதில் இல்லை.

பெட்டியைப் பிரித்துவிட்டதால், கடையில் திரும்ப வாங்கவில்லை. புது ராமுக்காக, மீண்டும் உண்டியல் நிரப்புகிறான். கம்ப்யூட்டர் மூலையில் கிடக்கிறது.

கடைக்காரர் சொல்லியிருக்கலாம்தான். ஆனாலும், கேட்க வேண்டியது நம் கடமை என்பேன். ராமின் வகை, பெரும்பாலும் அதன் மீதுள்ள ஸ்டிக்கரிலேயே இருக்கும். மதர்போர்டு எந்த வகையை ஏற்கும், எத்தனை ஜி.பி. வரை தாங்கும் என்பதைக் கையேட்டில் பார்க்கலாம். இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே, பணத்தை நீட்டுங்கள்.

கேட்பதில் வெட்கமில்லை, செல்லங்களே; கேட்காமல் காசை இழப்பதுதான் வருத்தம்!