விருந்தாளிகள் கிளம்பும் நேரம்

வைகுண்ட ஏகாதசிக்கு வந்த உறவுக்காரர்கள் ஸ்ரீரங்கத்தை விட்டு எப்போதோ ஊர் திரும்பியாயிற்று. வீடு வெறிச்சென்று இருக்கிறதா? கவலை வேண்டாம். பக்கத்து அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியின் விருந்தாளிகள் மாசியிலும் தங்கியிருப்பார்கள். திருச்சியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டால், பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

ஏரி 1,100 ஏக்கருக்கு மேல் பரந்தது. ஸ்ரீரங்கத்தைத் தொட்டுப் போகும் அதே மேட்டூர்த் தண்ணீர்தான், புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கேயும் வருகிறது. 1999-ல் பறவைகள் சரணாலயமான இந்த ஏரி, 2024-ல் உலக முக்கியத்துவம் பெற்ற நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

கரைமேல் மெள்ள நடந்து பாருங்கள். மிதக்கும் இலைகள்மீது நீண்ட விரல்களை ஊன்றி நடக்கிறதே, அது இலைக்கோழி. நீலப் பட்டு உடுத்தி, மூக்கில் செம்பஞ்சுக் குழம்பு பூசினாற்போல் கோரை ஓரத்தில் உலாவுவது நீலத் தாழைக்கோழி. வாலை ஊசி போல் நீட்டிக்கொண்டு மிதப்பது ஊசிவால் வாத்து.

தூரத்திலிருந்து வரும் விருந்தாளிகளில் ஒன்று வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள், அதுவே அடையாளம். மங்கோலியா, திபெத்து, லடாக் பக்கம் அதற்குப் பிறந்த வீடு. அங்கே திரும்ப இமயமலையைத் தாண்டியாக வேண்டும்! 7,000 மீட்டருக்கு மேலும் அது பறந்ததை, உடலில் கருவி பொருத்திக் கண்டறிந்திருக்கிறார்கள். காற்று மெலிந்த உயரத்திலும் பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் சக்தி அதன் ரத்தத்துக்கு உண்டு.

சரி, வழிக்குக் கட்டுச்சோறு? உடம்பில் சேரும் கொழுப்புதான். அதற்காகத்தான் கிளம்புமுன் புல்லும் தானியமும் ஓயாமல் மேய்கிறது.

இந்தச் சமயத்தில் குழந்தை கை தட்டினாலும், படம் எடுக்க யாராவது கல்லை எறிந்தாலும் கூட்டம் முழுவதும் படபடவென்று எழும்பும். "என்ன அழகு!" என்று நாம் பூரிப்போம். அதற்கோ கட்டுச்சோற்றில் ஒரு பிடி குறைந்துவிடும்; மேயும் நேரமும் வீண். ஊருக்குக் கிளம்பும் பெண்ணின் பட்சணப் பொட்டலத்தை நாமே பிரித்துத் தின்பது போலத்தான்!

ஆகவே குழந்தைகளுக்கு வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். செல்போன் பாட்டு வேண்டாம். கண்ணைப் பறிக்கும் உடை வேண்டாம். பைனாகுலர் இருந்தால் தூரத்திலிருந்தே பாருங்கள். தண்ணீரைப் பொறுத்து வருஷத்துக்கு வருஷம் வரவு கூடும், குறையும். பங்குனி வரை காத்திராமல், மாசித் தொடக்கத்திலேயே போய்விடுவது நல்லது.