தேதி முன்பே தெரியும். ஏற்பாடும் முன்பே வேண்டும்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டப் பெருமக்களுக்கு,

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எஸ்டேட்டுகளில் கொழுந்து பறித்தவர்களும், அவர்கள் பிள்ளைகளும், தாமிரபரணிக் கரையூர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். பேச்சை எங்கள் மலையிலிருந்து தொடங்கினாலும், இன்று நாங்கள் கேட்பது எங்களுக்காக அல்ல. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்காக.

1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை ஒரு கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. 2028-இல் அது முடியும் என்பதைக் கணக்குப் போட யாருக்கும் ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. தேயிலைக்கு அங்கே நெடுநாள் இல்லை என்பது அப்போதிருந்தே எல்லா அலுவலகங்களுக்கும் தெரிந்த சேதிதான். ஆனால் தொழிலாளி கைக்கு அது 2024 மே மாதம் விருப்ப ஓய்வு நோட்டீஸாக வந்து சேர்ந்தது. ஜூன் 14 கடைசி வேலை நாள். எஸ்டேட்டில் வேலை போனால் லைன் வீடும் போகும். வீட்டோடு ரேஷன் கார்டின் முகவரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஓட்டுப் போடும் சாவடி எல்லாம் போகும். மூன்று நான்கு தலைமுறை மலையிலேயே இருந்துவிட்டு, கீழே ஒரு சென்ட் நிலம் இல்லாமல் நின்ற குடும்பங்கள் எத்தனையோ. வீடு, தொழிற்பயிற்சி, கடன் என்று அரசு தன் திட்டத்தைச் சொன்னது, விஷயம் நீதிமன்றப் படியேறிய பிறகு. அந்த ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை.

காடு காடாகவே ஆகட்டும். மணிமுத்தாறு அந்த மலையில்தான் பிறக்கிறது. அது எங்களுக்கும் தண்ணீர். எங்கள் ஆற்றாமை காட்டின் மீது இல்லை. ஏறத்தாழ நூறு வருடம் கையில் இருந்தும், அந்த நாளுக்கு யாரும் எங்களைத் தயார்ப்படுத்தவில்லையே என்பதுதான்.

தூத்துக்குடிக்கும் அப்படி ஒரு நாள் வருகிறது. அங்கே அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது 1979-இல். 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட்டுகள், மொத்தம் 1,050 மெகாவாட். ஒடிசாவிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியை இறக்குகிறவர்கள், கன்வேயரில் நிற்கிறவர்கள், சாம்பல் லாரி ஓட்டுகிறவர்கள், அந்தச் சாம்பலில் செங்கல் அறுக்கிறவர்கள், வாசலில் டீக்கடை வைத்திருப்பவர்கள் என்று அதைச் சுற்றி ஓர் ஊரே இருக்கிறது. நாற்பது வருடம் கடந்த இயந்திரம் என்றைக்கும் ஓடாது. ஓடவும் கூடாது என்பது எங்கள் கருத்து. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. கடலும் காற்றும் சூடேறச் சூடேற இத்தகைய மழை கூடும் என்றுதான் அறிவியல் சொல்கிறது. நிலக்கரி போகத்தான் வேண்டும். அதை எரித்துச் சோறு தின்றவர்கள் தெருவுக்குப் போகக் கூடாது.

மின்சாரம் இந்தச் சீமைக்குப் புதிதில்லை. பாபநாசத்தில் 1944-லேயே அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள். 1980-களில் கயத்தாற்றில் காற்றாடிகள் எழுந்தன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் நம் தென்கோடிக் கணவாய்க் காற்றின் பங்கு பெரிது. கங்கைகொண்டானில் 4,300 மெகாவாட் திறனுக்கு சோலார் செல்லும் தகடும் செய்யும் ஆலை வந்து, நம் பெண்பிள்ளைகள் பெருந்திரளாக வேலைக்குப் போகிறார்கள். மனம் நிறைகிறது. ஆனால் இருபது வயதுப் பெண்ணுக்குக் கிடைக்கும் வேலை, கரி அள்ளித் தோள் தேய்ந்த ஐம்பது வயதுக்காரருக்குத் தானாகக் கிடைத்துவிடாது. அவருக்கென்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து, பணம் ஒதுக்கி, எழுதி வைக்க வேண்டும். அது அரசியல் முடிவு.

அப்படி முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினில் 2018-இல் அரசும் தொழிற்சங்கங்களும் சுரங்க முதலாளிகளும் முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். முன்கூட்டிய ஓய்வூதியம், மறுபயிற்சி, சுரங்க ஊர்களுக்கு முதலீடு எல்லாம் அதில் இருந்தன. பிறகுதான் பெரும்பாலான நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டன. நம் நாட்டிலேயே ஜார்க்கண்ட் அரசு இத்தகைய மாற்றத்துக்கென 2022-இல் ஒரு பணிக்குழு அமைத்தது. நம்மூரிலோ ஒரு பக்கம் சோலார் ஆலை, மறுபக்கம் உடன்குடியில் புதிய நிலக்கரி நிலையம் எழுகிறது. எது எந்த ஆண்டு நிற்கும் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டாமா?

எல்லாவற்றிலும் முதலில் வேண்டியது ஒரு பெயர்ப் பதிவேடு. ஒப்பந்தத் தொழிலில் காண்ட்ராக்டர் மாறினால் ஆளின் கணக்கும் மாறும். பத்து இருபது வருடம் உழைத்தவருக்கும் உழைத்ததற்குச் சாட்சி இருக்காது. இழப்பீடு பேசும் நாளில் காகிதத்தில் இல்லாதவர் மனிதராகவே கணக்கில் வரமாட்டார். எனவே நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, லாரிக்காரர், சாம்பல் செங்கல் பட்டறையில் நிற்கும் பெண் எல்லோரையும் இப்போதே எழுதுங்கள் என்கிறோம். மூடும் தேதியைக் குறைந்தது ஐந்து வருடம் முன்னால் அறிவிக்க வேண்டும். கடைசிப் பணத்தை, வீட்டைக் காலி செய்தால்தான் தருவோம் என்று கட்டிப்போடக் கூடாது. இதே மாவட்டங்களில் வரும் காற்றாலை, சோலார் வேலைகளில் இவர்களுக்கும் இவர்கள் பிள்ளைகளுக்கும் இடம் எழுத்தில் வேண்டும்.

1999 ஜூலை 23 அன்று, எங்கள் கூலிக்காக நெல்லையில் ஊர்வலம் போன 17 பேர் தாமிரபரணியில் உயிர்விட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் பல கட்சித் தலைவர்கள் ஆற்றங்கரைக்கு மலர் தூவ வருகிறார்கள். அங்கேயே அவர்களிடம் இதைக் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும், எந்தக் கட்சியானாலும், தேர்தல் அறிக்கையில் இதற்கு எத்தனை வரி, எவ்வளவு பணம் என்று கேளுங்கள். வரும் கிராம சபைக் கூட்டத்தில் பதிவேடும் முன்னறிவிப்பும் வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். நிறைவேறிய தீர்மானத்தின் நகலைக் கலெக்டருக்கும் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை ஊரில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் தாமிரபரணிக் கரையூர் நண்பர்களும்