தட்டைக் கழுவாதது மட்டும்தானா?

கல்லூரியில் மருந்துக் கண்டுபிடிப்பு பற்றிச் சிறப்புரை என்றால் போதும், பூஞ்சை பிடித்த அந்தக் கண்ணாடித் தட்டு வந்துவிடும். 1928, ஃபிளெமிங், விடுமுறை, தற்செயல்... கைதட்டல், டீ, பிஸ்கட். சரி, அதற்கப்புறம்? பத்து வருஷத்துக்கு மேல் பெனிசிலின் உருப்படியான மருந்தாக ஆகவே இல்லையே, அதை ஏன் சொல்வதில்லை?

ஆக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி கூட்டம். போர்க்காலம், பாத்திரத்துக்குத் திண்டாட்டம். ஆஸ்பத்திரி பெட்பேனில் (ஆமாம், அதேதான்) பூஞ்சை வளர்த்தார் ஹீட்லி. 1940 மே மாதம் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கிருமி ஏற்றினார்கள். விடிவதற்குள் மருந்து போடாத நாலும் செத்துக் கிடந்தன, போட்ட நாலும் உயிரோடு இருந்தன. 1941-ல் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர் தேறி வந்தபோது மருந்து தீர்ந்துபோனது. அவர் சிறுநீரிலிருந்தே பிரித்தெடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். போதவில்லை, இறந்துவிட்டார்.

இந்த நாய்ப்பாட்டை விட்டுவிட்டுத் தற்செயலை மட்டும் சொன்னால் கேட்கிற மாணவன் என்ன செய்வான்? தட்டைக் கழுவாமல் வீட்டுக்குப் போவான்!

1945-ல் நோபல் மூவருக்கு. ஹீட்லிக்கு இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு மருத்துவத்தில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1990-ல். அப்போது அவருக்கு வயது 79.