பனிக்கட்டியும் கணிப்பொறியும்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? கடலுக்குப் புறப்படும் விசைப்படகுகளில் ஐஸ் பாளங்களை நொறுக்கிக் கொட்டுவார்கள். பிடித்த மீன் கெடாமல் கரை வந்து சேர அந்த ஐஸ்தான் துணை. ஐஸ் கம்பெனிக்குள் எட்டிப் பார்த்தால் இன்னொரு வேடிக்கையும் தெரியும். பெரிய தொட்டி நிறைய உப்புநீர். அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகள் மூழ்கி நிற்கும். உப்புநீர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பின்னும் உறையாமல் திரவமாகவே இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் நல்ல தண்ணீரோ உறைந்து பாளமாகிறது.

இதைப் பார்த்து வளர்ந்த மாணவர் ஒருவருக்குக் கணிப்பொறியிலும் ஆர்வம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறியை மிகவும் குளிரவைத்தால் அது இன்னும் வேகமாக ஓடும் என்று அவர் எங்கோ படிக்கிறார். 'நம் ஊரில்தான் ஐஸும் உப்பும் கொட்டிக் கிடக்கின்றனவே, நாமும் முயன்றால் என்ன?' என்று அவருக்குத் தோன்றுகிறது. இந்த ஆசை தவறா? தவறே இல்லை. ஆனால் ஐஸ் வாங்கப் போவதற்கு முன் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள் என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

வேகமும் வெப்பமும்

கணிப்பொறியின் மூளையாக இருப்பது பிராசசர் எனப்படும் சில்லு. அது ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் சில்லு என்றால் நொடிக்கு 400 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் ஒளிகூட 7.5 சென்டிமீட்டர்தான் செல்ல முடியும். உங்கள் நடுவிரலின் நீளம்! தயாரித்தவர்கள் குறித்த வேகத்துக்கு மேல் இந்தத் துடிப்பைக் கூட்டுவதைத்தான் ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள்.

துடிப்பைக் கூட்டினால் வெப்பமும் கூடும். சில்லில் உண்டாகும் வெப்பத்தின் பெரும்பகுதி துடிப்பின் வேகத்தையும், மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது. வேகத்தை 20 சதவீதம் கூட்டுகிறோம். சில்லு தடுமாறாமல் இருக்க மின்னழுத்தத்தை 10 சதவீதம் கூட்டுகிறோம். 1.2 × 1.1 × 1.1 என்று பெருக்கிப் பாருங்கள், 1.45 வரும். அதாவது, 20 சதவீத வேகத்துக்காக 45 சதவீதம் அதிக வெப்பம்!

அந்த வெப்பம் பிறக்கும் இடமும் மிகச் சிறியது. 2 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சில்லில் 200 வாட் வெப்பம் உண்டானால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்றாலும் அதன் அடித்தகடு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் இருப்பதால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். இஸ்திரிப் பெட்டியைப்போல் 20 மடங்கு! இந்த வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் சில்லு பிழை செய்யும். அல்லது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

குளிர் ஏன் உதவுகிறது?

குளிரவைப்பதால் வெப்பம் விலகுகிறது என்பது மட்டும் அல்ல. வெப்பநிலை ஒரு டிகிரி குறையும்போது செம்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைகிறது. டிரான்சிஸ்டருக்குள் மின்துகள்கள் தங்கு தடையின்றி நகர்கின்றன. வீணாகக் கசியும் மின்னோட்டமும் குறைகிறது. ஆகவே அதே சில்லு இன்னும் விரைவாக வேலை செய்கிறது.

இது வெறும் விளையாட்டு அல்ல. 1987இல் அமெரிக்காவில் வெளிவந்த ஈ.டி.ஏ.-10 என்ற மீக்கணிப்பொறியின் சில்லுப் பலகைகள் திரவ நைட்ரஜனில், அதாவது −196 டிகிரி செல்சியஸில், அமிழ்த்தப்பட்டிருந்தன. அதனால் வேகம் ஏறத்தாழ இரு மடங்கானது. 2022ஆம் ஆண்டின் இறுதியில், திரவ ஹீலியத்தால் குளிரவைத்த இன்டெல் சில்லு ஒன்று நொடிக்கு 900 கோடித் துடிப்பைத் தாண்டியது. ஹீலியத்தின் கொதிநிலை −269 டிகிரி! 'இதெல்லாம் வெட்டி வேலை' என்று சொல்லும் பெரியவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு பொருளை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்ப்பதும் அறிவியல்தான்.

ஐஸும் உப்பும் போதுமா?

நம் மாணவரிடம் திரவ ஹீலியம் இல்லை. ஐஸும் கல்லுப்பும் இருக்கின்றன. நொறுக்கிய ஐஸில் சரியான அளவு உப்பைக் கலந்தால் −21 டிகிரிவரை குளிரும். குச்சி ஐஸ் செய்கிறவர்கள் நெடுங்காலமாக அறிந்த வித்தை இது. ஒரு செம்புக் குவளையைச் சில்லின் மேல் பொருத்தி, அதில் இந்தக் கலவையை இட்டால் என்ன?

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஒரு கிலோ திரவ நைட்ரஜன் ஆவியாகும்போது வாங்கிக்கொள்வது சுமார் 200 கிலோஜூல்தான். வியப்பாக இல்லையா? −196 டிகிரியில் இருக்கும் நைட்ரஜனைவிட, சாதாரண ஐஸ் தன் நிலை மாறும்போது அதிக வெப்பத்தை விழுங்குகிறது. 200 வாட் சில்லுக்கு ஒரு கிலோ ஐஸ் ஏறத்தாழ 28 நிமிடம் தாங்கும். ஒரு கிலோ நைட்ரஜன் ஆவியாகிப் போகச் சுமார் 17 நிமிடம்தான். 50 கிலோ பாளம் ஒன்று, வெளி வெப்பம் புகாமல் பார்த்துக்கொண்டால், ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் ஈடுகொடுக்கும்.

அப்படியானால் மாணவர் வெற்றி பெற்றுவிடுவார் போலிருக்கிறதே என்கிறீர்களா? பொறுங்கள். நாம் இன்னும் காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

காரைக்கால் காற்றின் கணக்கு

ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். டம்ளர் ஒழுகவில்லை, காற்றில் இருந்த நீராவி குளிர்ந்து அதன்மேல் நீராகப் படிகிறது. இப்படிப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர்.

காரைக்கால் கடற்கரை ஊர். வெப்பநிலை 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அன்றைக்குப் பனிநிலை 26 டிகிரி! இராஜஸ்தானில் 40 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் பனிநிலை 13 டிகிரிதான். பாலைவனத்தில் 20 டிகிரிக்குக் குளிரவைத்த பொருளின்மேல் ஈரம் படியாது. நம் ஊரில் படியும். −20 டிகிரி குவளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எவ்வளவு நீர் படியும்? அந்த 30 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 28 கன மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 680 கிராம். நம் கண்ணுக்குத் தெரியாமல் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்த அறைக்குள் மிதந்துகொண்டிருக்கிறது! குளிர்ந்த குவளை அதைத் தன்பால் இழுத்துக்கொண்டே இருக்கும். குவளை மட்டுமா? அதைச் சுற்றியுள்ள மதர்போர்டும் குளிர்ந்துபோகும். அதன் பின்புறமும் வியர்க்கும்.

தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்று நீங்கள் படித்திருக்கலாம். உண்மைதான். ஆனால் படிந்த நீர் தூய்மையாக இருப்பதில்லை. பலகையில் உள்ள தூசியும், கடல் காற்று கொண்டுவந்து சேர்த்த உப்பும் அதில் கரைகின்றன. நூலிழை போன்ற செம்புத் தடங்களுக்கு இடையே மின்சாரம் குறுக்கே பாய்கிறது, செம்பு அரிக்கப்படுகிறது. கணிப்பொறியை நிறுத்திய பிறகும் ஆபத்து தீர்வதில்லை. படிந்த உறைபனி அப்போதுதான் உருகி மூலை முடுக்கெல்லாம் ஓடுகிறது. 'ஓடிக்கொண்டிருந்தபோது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் உயிர் இல்லை' என்பது இப்படித்தான் நேர்கிறது.

இதில் தேர்ந்தவர்கள் காற்று நுழைய இடமில்லாதபடி பலகை முழுவதையும் ரப்பர் நுரையாலும் வாசலினாலும் மூடிவிடுகிறார்கள். அவர்கள் உழைப்பின் பெரும்பகுதி குளிரை உண்டாக்குவதில் இல்லை. ஈரத்தைத் தடுப்பதில்தான் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான்.

ஓர் எச்சரிக்கை

ஐஸ் போதாது என்று சிலருக்குத் திரவ நைட்ரஜன்மேல் ஆசை வரும். மாடுகளுக்குச் சினை ஊசி போட உறைவிந்தைத் திரவ நைட்ரஜன் குடுவையில்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே டெல்டா மாணவர்கள் பலர் அந்தக் குடுவையிலிருந்து எழும் வெண்புகையைப் பார்த்திருக்கலாம். அது பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டிய பொருள். தோலில் பட்டால் சதை உறைந்துபோகும். இறுக மூடிய பாத்திரத்தில் அடைத்தால் வெடிக்கும். அது ஆவியாகும்போது ஏறத்தாழ 700 மடங்கு விரிகிறது. மூடிய பத்தடி அறையில் 10 லிட்டர் ஆவியானால் 7 கன மீட்டர் வாயு. காற்றில் 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். நிறமும் மணமும் இல்லாததால் ஆபத்து வருவதே தெரியாது. வீட்டில் இதைத் தொடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பிறகு என்னதான் செய்வது?

வீட்டில் இருக்கும் ஒரே கணிப்பொறியில்தான் அக்கா கல்லூரிப் பாடம் எழுதுகிறாள் என்றால், அதை ஐஸில் குளிப்பாட்டும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் ஆசையையும் மூட்டை கட்டி வைக்க வேண்டியதில்லை. மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, டம்ளர் சோதனை. எவர்சில்வர் டம்ளரில் அறை வெப்பநிலையில் உள்ள நீரை எடுத்துத் தெர்மாமீட்டரை வையுங்கள். சிறு சிறு ஐஸ் துண்டுகளாக இட்டுக் கலக்குங்கள். வெளிப்புறம் மங்கத் தொடங்கும் வெப்பநிலையைக் குறியுங்கள். பிறகு மெல்லச் சூடேறவிட்டு, மங்கல் மறையும் வெப்பநிலையையும் குறியுங்கள். இரண்டின் சராசரியே அன்றைய பனிநிலை. சித்திரை முதல் பங்குனிவரை வாரம் ஒரு முறை செய்தால், உங்கள் ஊர்க் காற்றைப் பற்றி உங்கள் கையால் எழுதிய ஓர் ஆண்டுப் பதிவு கிடைக்கும்.

இரண்டாவது, உங்கள் கணிப்பொறி தன் வெப்பநிலையைத் தானே அளக்கிறது. அதைக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விவரம் தெரிந்த ஒருவர் உதவியோடு, மின் இணைப்பை நீக்கிவிட்டு விசிறியின் தூசியைத் துடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். எத்தனை டிகிரி குறைந்தது?

மூன்றாவது, முன்பு போட்ட கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் 10 சதவீதம் குறைக்க முடிந்தால், 0.9 × 0.9 = 0.81. வெப்பம் 19 சதவீதம் குறைகிறது! ஒரு துண்டு ஐஸ்கூடச் செலவில்லை. இடமளிக்கும் கணிப்பொறிகளில், தெரிந்தவர் துணையோடு இதைப் படிப்படியாகச் செய்து பார்க்கலாம்.

பெரிய பொறியியலும் இந்த வழியில்தான் போகிறது. நம் காவிரிக் கரையில், திருச்சியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' என்ற மீக்கணிப்பொறி தொடங்கிவைக்கப்பட்டது. அதன் திறன் 838 டெராஃபிளாப். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். அதை ஐஸில் வைக்கவில்லை. சில்லை ஒட்டிய தகட்டின் வழியே திரவம் ஓடி வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் நீர் வாங்கும் வெப்பம், ஒரு லிட்டர் காற்று வாங்குவதைப்போல் 3000 மடங்குக்கும் மேல். பூஜ்யத்துக்குக் கீழே போகாததால் உறைபனித் தொல்லையும் இல்லை. சாதனைக்காகச் சில நொடிகள் ஓடுவது ஒரு கலை. இரவும் பகலும் பிழையின்றி ஓடுவது வேறொரு கலை. நாட்டுக்கு அதிகம் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

மாணவர்களே, என்றைக்காவது ஒருநாள் நல்ல ஆய்வகத்தில், தேர்ந்த ஆசிரியர் பக்கத்தில் நிற்க, நீங்களும் ஒரு சில்லைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கிப் பார்க்கலாம். அன்றைக்கு, 'இன்றைய பனிநிலை என்ன?' என்று முதலில் கேட்கப்போவது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். அதற்கான பயிற்சியை, சமையலறையில் இருக்கும் ஒரு டம்ளரோடு இன்றைக்கே தொடங்கலாமே!