மொண்ணைக் கத்தரியும் பெல்ட் கிரைண்டரும்!

ஆரணியில் புட்டா போட்ட பட்டுச் சேலை எதையாவது திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? நெய்யும்போது ஒரு புட்டாவுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஜரிகை இழை பின்பக்கம் தொங்கலாக நிற்கும். அதைக் கத்தரியால் ஒட்ட வெட்ட வேண்டும். கத்தரி மொண்ணை என்றால் இழை வெட்டுப்படாது, மடங்கி இழுபடும். இழுபட்ட இடத்தில் புட்டா கோணும். பல நாள் நெசவு, விலை குறைவது அந்த ஒரு இடத்தில்!

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்துச் சாணை பிடித்துத் தருகிறவர்கள் இப்போது எப்போதாவதுதான் தெருப்பக்கம் வருகிறார்கள். பதிலுக்கு, சின்ன பெல்ட் கிரைண்டர் ஆன்லைனிலேயே கிடைக்கிறது. மெஷின் வாங்கிவிடலாம், சாணைக்காரரின் கைக்கு எங்கே போவது? கோணம் மாறாமல் பிடித்தது அந்தக் கைதானே!

அந்த வேலையைச் செய்யும் பிடிப்பானுக்கு 'ஜிக்' என்று பெயர். 1973-ல் சுவீடனில் தொடங்கிய டோர்மெக் நிறுவனம் இதில் பிரபலம். அவர்கள் மெஷினில் 12 மி.மீ. கம்பி ஒன்று இருக்கும். கத்தியைக் கவ்விய ஜிக் அதன்மேல் சாய்ந்து நகரும். ஆனால் அது தண்ணீரில் நனைந்து, நிமிடத்துக்கு 90 சுற்று சுற்றும் கல்லுக்காகச் செய்தது. பெல்ட்டின் வேகமே வேறு. அப்படியே தூக்கி மாட்டினால் கத்தி பாழ்.

முதல் மாற்றம், கம்பியின் இடம். பெல்ட், கத்தியின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி ஓட வேண்டும். எதிர்த்து ஓடினால் விளிம்பு பெல்ட்டில் குத்தி, கத்தி தெறிக்கும். பெல்ட் மேலிருந்து கீழே ஓடும் மெஷின் என்றால் கம்பி மேலே, விளிம்பு கீழே. இப்படி வைத்தால் பெல்ட் ஜிக்கைக் கம்பியிலிருந்து பிடுங்கப் பார்க்கும். கையால் அழுத்தியே வைத்திருக்க வேண்டும்.

கோணத்துக்குச் சுலபமான கணக்கு உண்டு. கம்பியிலிருந்து விளிம்பு வரை 150 மி.மீ., பெல்ட் தளத்திலிருந்து கம்பி 50 மி.மீ. தள்ளி இருந்தால் சுமார் 20 டிகிரி. சமையலறைக் கத்திக்கு அது போதும். கல் தேயத் தேய கோணம் மாறும். தட்டையான பெல்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. கல்லை விட பெல்ட் ஜெயிக்கிற இடம் இதுதான்.

கத்தரிக்கு இந்தக் கம்பி சரிப்படாது. அதன் விளிம்பு 60 டிகிரி அளவுக்குச் செங்குத்தானது. பெல்ட்டுக்கு முன்னால் சாய்வாக நிற்கும் சின்னப் பலகை வேண்டும். அலகின் உள்பக்கம் பலகையில் படுத்திருக்க, வெளிச்சாய்வு மட்டும் பெல்ட்டைத் தொட வேண்டும். உள்பக்கத்தைப் பெல்ட்டில் காட்டவே கூடாது. அங்கே லேசான குழிவு இருக்கும். அது போனால் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசாது. ஜரிகை நடுவில் நழுவிவிடும்.

பழைய கோணம் தெரியவில்லையா? சாய்வு முழுக்க மார்க்கரால் தீட்டுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டைக் கையால் கொஞ்சம் நகர்த்துங்கள். மை முழு அகலத்துக்கும் அழிந்தால் கோணம் சரி. மேலோரம் மட்டும், அல்லது விளிம்பு மட்டும் அழிந்தால் பலகையைத் திருத்துங்கள்.

இன்னொரு எதிரி, சூடு. எஃகு நீலம் பாய்ந்தால் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது, பதம் போயிற்று என்று அர்த்தம். எத்தனை கூராக்கினாலும் அந்த இடம் சீக்கிரம் மழுங்கும். தேய்ந்த பெல்ட் அதிகம் சுடும், புதுசாக மாற்றுங்கள். அழுத்தாமல் ஒரே இழுப்பு, உடனே தண்ணீரில் முக்கல். விரல் தாங்காத சூடு என்றால் நிறுத்துங்கள்.

கண்ணாடி கட்டாயம். கையுறை வேண்டாம், பெல்ட் அதைக் கவ்வி இழுக்கும். மெஷினைத் தறி இருக்கும் அறையில் வைப்பது மகா தப்பு. இரும்புத் தூள் பட்டில் படிந்து ஈரம் பட்டால் துருக்கறைதான்.

சாணை பிடித்த கத்தரியை நேராகச் சேலைக்குக் கொண்டுபோகாமல், கழிவு ஜரிகையில் அடியிலிருந்து நுனி வரை வெட்டிப் பாருங்கள். நுனியில் இழை மடங்கினால், அந்த ஒரு அங்குலத்துக்கு மட்டும் திரும்ப மார்க்கரை எடுங்கள்.