மூன்றாம் ஆண்டிலேயே மேற்படிப்புக்குத் தயாராக வேண்டும்: காரைக்கால் பெற்றோர்களின் கவனத்திற்கு

காரைக்காலில் மேற்படிப்புக்கு வசதியில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. கோட்டுச்சேரிமேட்டுக்கு அருகில் திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. புதுச்சேரி இயங்குகிறது. காரைக்காலில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே வணிகவியல், மேலாண்மை, கணினி அறிவியல் ஆகிய துறைகளில் முதுகலை படிக்கலாம். இவை போக அரசின் முதுகலை ஆய்வு மையம், வேளாண் கல்லூரி, ஜிப்மர் கிளை. இவ்வளவு சிறிய மாவட்டத்துக்கு இது அதிகம்தான். ஆனால் இந்த நிறுவனங்களின் முதுகலை வகுப்புகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கை எந்த ஜமாஅத்தும் எடுத்து வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

2006ல் வெளியான சச்சார் குழு அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளங்கலை படிப்பவர்களில் 25 பேருக்கு ஒருவர் முஸ்லிம். முதுகலையில் 50 பேருக்கு ஒருவர். முதல் எண்ணைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசிவிட்டோம். இரண்டாவது எண்தான் கவலை தருகிறது. பட்டப்படிப்பு வரை வந்துவிட்ட பிள்ளைகளிடையே கூட, அடுத்த படியில் நம் பங்கு பாதியாகிறது. பள்ளியில் இடைநின்றவர்கள் அல்ல இவர்கள். நன்றாகப் படித்து, கல்லூரி வரை வந்தவர்கள்.

மேற்படிப்பு என்றதும் நம்மில் பலருக்கு மவ்லானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை நினைவுக்கு வரும். 2009ல் தொடங்கிய அந்தத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் அன்றைய அமைச்சர் ஸ்மிருதி இரானி மக்களவையில் அறிவித்தார். வேறு உதவித்தொகைகள் இருக்கும்போது இது எதற்கு என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். வெளிநாட்டுப் படிப்புக்கான கல்விக் கடன் வட்டியில் மானியம் தந்த படோ பர்தேஷ் திட்டமும் அதே காலத்தில் கைவிடப்பட்டது. இவற்றை எதிர்த்துக் குரல் கொடுத்தது சரியே, இன்னும் கொடுக்க வேண்டும். ஆனால் மவ்லானா ஆசாத் உதவித்தொகை ஆராய்ச்சி மாணவர்களுக்கானது. முதுகலை வாசலையே தொடாத பிள்ளைக்கு அது இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். நாம் பிள்ளைகளை இழப்பது அதற்கு முந்தைய கட்டத்தில், பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில்.

ஏன் மூன்றாம் ஆண்டு? நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மே மாதம் தேர்வு முடியும், ஜூனில் முடிவு வரும். அதன் பிறகுதான் "அடுத்து என்ன?" என்று அத்தா வளைகுடாவில் இருந்து போனில் கேட்பார். மாமா விசா பார்க்கிறேன் என்பார். எம்.எஸ்ஸி. சேரலாமா என்று பிள்ளை மெதுவாகக் கேட்கும்போது கதவுகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர உதவும் ஜாம் தேர்வுக்கு விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே தொடங்கிவிடும், தேர்வு பிப்ரவரியில். எம்.டெக்.குக்கான கேட் தேர்வும் கிட்டத்தட்ட அதே கால அட்டவணைதான். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்-பிஜிக்கு டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பிக்க வேண்டும், மார்ச்சில் தேர்வு. அதாவது கல்லூரித் தேர்வு எழுதும் முன்பே நுழைவுத் தேர்வு முடிந்துவிடுகிறது. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பப் படிவம் வாங்கப் போன காலம் மலையேறிவிட்டது.

க்யூட்-பிஜி பெயரைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. 2025 தேர்வில் 75 கேள்விகள், 90 நிமிடங்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 மதிப்பெண் குறையும். பெரும்பாலான தாள்களில் கேள்விகள் இளங்கலையில் படித்த பாடத்தில் இருந்தே வருகின்றன. பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பழகினாலே பாதி பயம் போய்விடும். ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சென்னையில் பயிற்சி மையம் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சில முதுகலைப் படிப்புகளில் புதுச்சேரி யூனியன் பிரதேச மாணவர்களுக்கு 25 சதவீத இட ஒதுக்கீடும் உண்டு. நாம் விரும்பும் படிப்பு அதில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். ஆனால் என்.ஐ.டி.யில் பி.டெக்.குக்கு இருக்கும் சொந்த மாநில ஒதுக்கீடு எம்.டெக்.கில் கிடையாது. பக்கத்து ஊர்க் கல்லூரி என்றாலும் நாடு முழுவதும் இருந்து வரும் மாணவர்களோடு கேட் மதிப்பெண்ணில்தான் போட்டியிட வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். புதுச்சேரி அரசின் சேர்க்கைக்குக் காட்டும் பி.சி.எம். சான்றிதழ் ஒன்றிய அரசு நிறுவனங்களில் செல்லாது. அங்கே 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீடு கேட்க, ஒன்றிய அரசின் படிவத்தில் வாங்கிய நான்-கிரீமிலேயர் சான்றிதழ் வேண்டும். உங்கள் பிரிவு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, புதிய தேதியிட்ட சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கலந்தாய்வுக்கு முதல் நாள் வருவாய்த் துறை அலுவலக வாசலில் நின்று பயனில்லை.

பணம் இல்லை என்பதும் முழுக் காரணம் ஆகாது. முதுகலை முதலாண்டில் முழுநேரமாகச் சேர்பவர்களுக்கு யு.ஜி.சி.யின் தேசிய முதுகலை உதவித்தொகை இருக்கிறது: மாதம் 15,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு பத்து மாதங்கள். மொத்தம் 10,000 இடங்கள், அதில் 30 சதவீதம் பெண்களுக்கு. இளங்கலை மதிப்பெண்தான் அளவுகோல். கேட் தேர்ச்சியோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் கிடைக்கும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்று ஆராய்ச்சிக்குப் போனால் மாதம் 37,000. வட்டிக்குக் கடன் வாங்கத் தயங்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அந்தக் குடும்பங்களுக்கு இந்தத் தொகைகள் வெறும் தகவல் அல்ல, படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதையே தீர்மானிப்பவை.

வெளிநாடு என்றால் நமக்கு வேலைதான் முதலில் தோன்றும். பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர் என்பதால் பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் காரைக்காலில் பல உண்டு. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை சேர்வது பற்றி அவர்களிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்? ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு வருட வாழ்க்கைச் செலவைக் கணக்கில் காட்ட வேண்டும், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றும் கட்டாயம். இதற்கெல்லாம் ஒரு வருட அவகாசம் தேவை. பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். மூன்று வருடமும் கடைசி பெஞ்சில் இருந்து, ஆசிரியரிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்காத மாணவனைப் பற்றி அவர் என்னதான் எழுதுவார்?

பெண் பிள்ளைகள் நிலை வேறு. அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி வரை அனுப்பும் பெற்றோர், காலாப்பட்டு வளாகம் என்றதும் பின்வாங்குகிறார்கள். அவர்களின் அச்சத்தைக் குறை சொல்ல மாட்டேன். விடுதியை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் சொல்வேன். அதுவும் முடியாது என்றால் காரைக்கால் வளாகம் வீட்டில் இருந்தே போய்வரும் தூரம்தான்.

ஒவ்வொரு ஆண்டும் பிளஸ் டூவில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களுக்கு ஜமாஅத்களும் சங்கங்களும் பரிசளிப்பு விழா நடத்துகின்றன. பாராட்டுக்குரியது. அந்தச் செலவில் ஒரு பகுதியை, மூன்றாம் ஆண்டு மாணவர்களின் நுழைவுத் தேர்வுக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் ஒதுக்கலாம். ஏற்கெனவே முதுகலை படித்த நம் பிள்ளைகள் ஊருக்கு ஒருவர் இருவராவது இருப்பார்கள். கோட்டுச்சேரிமேடு, காரைக்கால், நிரவி, திருப்பட்டினம் என்று ஊர்வாரியாக அவர்களைத் தேடிப் பிடித்து, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின் மூன்றாம் ஆண்டு மாணவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் போதும். பெண்களுக்கு, படித்த பெண் ஒருவரைக் கொண்டு தனியாக நடத்தலாம். அன்று இருந்து கணக்கிட்டால் ஜாம் விண்ணப்பத்துக்குச் சில வாரங்களும் க்யூட்-பிஜி விண்ணப்பத்துக்கு நான்கு மாதங்களும் கையில் இருக்கும்.