லீவுக்குள்ள முடியுற ஆர்.பி.ஜி. போதும்

பரீட்சை முடிஞ்சாச்சு. இலுப்பூர் வெயிலுக்குக் காலையில பத்து மணிக்கு மேல வெளியில தலை காட்ட முடியாது. கிரிக்கெட் எல்லாம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அப்புறம்தான். நடுவுல இருக்குற நேரத்துக்கு நம்ம கிளாஸ்ல இப்போ ஓடுற பட்டிமன்றம் ஒண்ணே ஒண்ணு: "இந்த லீவுக்கு எந்த ஆர்.பி.ஜி. விளையாடலாம்?" ஆளுக்கு ஒரு லிஸ்ட் வெச்சிருக்காங்க. கிராபிக்ஸ் எப்படி, மேப் எவ்வளவு பெருசு, எத்தனை மணி நேரம் ஓடும்னு சண்டை வேற.

என் கட்சி ரொம்ப சிம்பிள். லீவு முடியுறதுக்குள்ள முடியுற கேமை எடுங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஆர்.பி.ஜி.ன்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக நாலு வரி. ரோல் பிளேயிங் கேம். ஒரு கதாபாத்திரமா நாம மாறி, என்ன பேசணும், யாரோட சேரணும், யாரை விட்டுடணும்னு நாமளே தீர்மானிக்கிறது. 1974-ல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு அமெரிக்கர்கள் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைக் கொண்டு வந்தாங்க. கம்ப்யூட்டர் கிடையாது. பேப்பர், பென்சில், பகடை, நாலஞ்சு பேர், அவ்வளவுதான். திண்ணையில உட்கார்ந்து தாயம் உருட்டுற மாதிரி உருட்டி, வீசின கத்தி பட்டுச்சா இல்லையான்னு பார்ப்பாங்க. இன்னிக்கு வர்ற ஆர்.பி.ஜி. எல்லாத்துக்கும் அதுதான் தாத்தா.

இதை நமக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா வள்ளி திருமணம் நாடகத்தைச் சொல்லலாம். நம்ம புதுக்கோட்டைப் பக்கம் திருவிழான்னா அது இல்லாம முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினது. கதை எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது என்ன கேள்வி வரும், என்ன பதில் வரும்ங்கிறது அன்னிக்கு ராத்திரிதான் தெரியும். வேற வேற ஊர்ல இருந்து வர்ற நடிகர்கள் ஒத்திகை கூடப் பார்க்காம நேரா மேடையில சந்திச்சுக்குவாங்க. பேச்சு எங்கெங்கேயோ போகும். ஆனா விடியறதுக்குள்ள கல்யாணம் நடந்தாகணும். நல்ல ஆர்.பி.ஜி.யும் அப்படித்தான். கடைசின்னு ஒண்ணு இருந்தாத்தான் நடுவுல நாம பண்ணினதுக்கு அர்த்தம். முருகன் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து வீட்டுக்குப் போறவன் நாடகம் பார்த்தேன்னு சொல்லிக்க முடியுமா?

இப்போ கணக்குக்கு வருவோம். ஏப்ரல் கடைசியில இருந்து ஜூன் முதல் வாரம் வரைக்கும் சுமாரா 40 நாள். (2024-ல வெயிலால பள்ளிக்கூடம் திறக்குறது ஜூன் 10-க்குத் தள்ளிப் போச்சு. எல்லா வருஷமும் அந்த அதிர்ஷ்டம் அடிக்காது.) திருவிழா, கல்யாணம், பாட்டி வீடு, +2 போறவங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம் கழிச்சா 30 நாள் தேறும். தினம் ஒன்றரை மணி நேரம்னு வெச்சா 45 மணி நேரம். கரண்ட் போறது, தம்பிக்கு விட்டுக்கொடுக்குறது போக 40. இதுதான் நம்ம கையில இருக்குற காசு.

இதை வெச்சுக்கிட்டு லிஸ்ட்டைப் பாருங்க. 'பெர்சோனா 5 ராயல்' முடிக்க 100 மணி நேரம் கிட்ட ஆகும். 'விட்சர் 3' (2015) முக்கியமான கதை மட்டுமே 50 மணி நேரம். 'பால்டர்ஸ் கேட் 3' (2023) கேட்குற இடம் 150 ஜி.பி. தினம் 1.5 ஜி.பி. டேட்டா பேக் போட்டு இறக்கினா 100 நாள் ஆகும். காலாண்டுப் பரீட்சை நெருங்கும்போது இன்ஸ்டால் பண்ணலாம் :-) மூணுமே அருமையான கேம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா 40 மணி நேரம் வெச்சிருக்குறவனுக்கு இல்ல.

"பெரிய கேம்தான்டா காசுக்கு லாபம், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விழுதுன்னு வகுத்துப் பாரு"ன்னு ஒருத்தன் சொன்னான். அன்லிமிடெட் மீல்ஸுக்குக் காசு கொடுத்துட்டு சாம்பாரோட எழுந்து போறவனுக்கு என்ன லாபம்? முடிக்கிறவனுக்குத்தான் அந்த வகுத்தல் கணக்கு.

அடுத்து, "காசே வேண்டாம், போன்ல இலவசமா இருக்கே"ன்னு சொல்ற கோஷ்டி. எனக்கு உண்மையான பயம் இங்கதான். 2020-ல வந்த 'கென்ஷின் இம்பாக்ட்'டை எடுத்துக்கோங்க. பார்க்க அவ்வளவு அழகு. இறக்குறதுக்குப் பைசா கிடையாது. ஆனா புது கதாபாத்திரம் வேணும்னா லாட்டரி மாதிரி இழுக்கணும். 5 நட்சத்திர ஆள் கிடைக்க ஒவ்வொரு இழுப்புக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், அதாவது ஆயிரத்துல ஆறு. 90-வது இழுப்புக்குள்ள 5 நட்சத்திரம் ஒண்ணு நிச்சயம், ஆனா நாம ஆசைப்பட்ட ஆளேதான் வருவார்னு சொல்ல முடியாது. இழுக்குறதுக்கான கல்லை விளையாடியும் சேர்க்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். காசு கொடுக்காம சேர்க்கணும்னா தினமும் கொடுக்குற நாலு வேலையை முடிக்கணும். ஒரு நாள் போகலைன்னா அன்னிக்குள்ளது போச்சு.

கவனிங்க, இது முடியுற கதை இல்ல. முடியக் கூடாதுன்னே கட்டினது. மே மாசம் தினம் அரை மணி நேரம்னு ஆரம்பிச்சது ஜூன்ல நம்ம கூடவே கிளாஸுக்கு வரும். +2 வருஷத்துல "இன்னிக்கு வேலையை முடிக்கலையே"ன்னு ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கேம் கூப்பிட்டா, அது லீவு விளையாட்டு இல்ல, சம்பளமில்லாத உத்தியோகம். வீட்ல போனைப் புடுங்குற சண்டை ஆரம்பிக்கிறதும் இங்கதான். கடைசி சீன் வந்து பேர் ஓடுற கேமுக்கு அந்தச் சண்டையே வராது. முடிஞ்சுது, மூடி வெச்சாச்சு.

சரி, குறை சொன்னது போதும், எதைத்தான் விளையாடுறது?

1. அண்டர்டேல் (2015). பெரும்பகுதியை டோபி ஃபாக்ஸ்னு ஒரே ஆள் உருவாக்கினது. ஆறேழு மணி நேரத்துல முடியும். 200 எம்.பி. இடம் இருந்தா போதும். 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைச்ச லேப்டாப் இன்னும் உயிரோட இருந்தா அதுலயே ஓட வாய்ப்பு அதிகம். எதிர்ல வர்ற யாரையும் கொல்லாமலே கடைசி வரைக்கும் போகலாம்ங்கிறதுதான் இதோட விசேஷம். யாரைக் கொன்னோம், யாரை விட்டோம்னு கேம் ஞாபகம் வெச்சிருக்கும்.

2. க்ரோனோ ட்ரிக்கர் (1995). சுமார் 20-25 மணி நேரம். 'டிராகன் பால்' வரைஞ்ச அகிரா தோரியாமாவோட ஓவியங்கள். கம்ப்யூட்டர்லயும் இருக்கு, போன்லயும் இருக்கு. ஆரம்பத்துல ஒரு பொருட்காட்சி வரும். அங்க யாரோ வெச்சிருந்த சாப்பாட்டை நாம விளையாட்டா எடுத்துத் தின்னுடலாம். கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கோர்ட் சீன் வரும் பாருங்க, அந்தச் சாப்பாட்டுக்கும் சாட்சி வந்து நிக்கும்! முப்பது வருஷம் முன்னாடி யோசிச்சிருக்காங்க.

3. ஸ்டார்ட்யூ வேலி (2016). இதுவும் எரிக் பரோன்னு ஒரே ஆள் செஞ்சது. விவசாயம் பண்ற ஆர்.பி.ஜி. நாலே நாள்ல கிழங்கு அறுவடை. நம்ம ஊர்ல கிணத்துல தண்ணி எட்டிப் பார்க்குறவங்க கேட்டா சிரிப்பாங்க. இதுக்குக் கண்டிப்பான முடிவு கிடையாது, ஆனா கேமுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடினதும் தாத்தா வந்து மார்க் போடுவார். அதோட நிறுத்திக்கிறேன்னு சத்தியம் பண்றவங்க மட்டும் எடுங்க.

இன்னொரு விஷயம். ஆர்.பி.ஜி. பாதி விளையாட்டு, பாதி வாசிப்பு. தமிழ் மீடியம் பசங்க நிறைய பேர் "இங்கிலீஷ் ஓடுதுடா"ன்னு பட்டனைத் தட்டித் தாண்டிப் போயிடுறாங்க. தாண்டினா கதை போச்சு, கதை போனா வெறும் வெட்டு குத்துதான் மிச்சம். முடிவு உள்ள சின்ன கேமா இருந்தா பக்கத்துல அகராதியை வெச்சுக்கிட்டு நிதானமா படிக்க நேரம் இருக்கும். 100 மணி நேர கேம்ல அந்தப் பொறுமை யாருக்கும் வராது. ரெண்டு பேரா உட்கார்ந்து, ஒருத்தர் படிச்சுச் சொல்ல, ஒருத்தர் விளையாடினா இன்னும் நல்லது.

நம்ம ஆட்களைப் பத்தின கேமே வராதான்னு கேட்காதீங்க. 2023-ல வந்த 'வெண்பா' கனடாவுல குடியேறின ஒரு தமிழ்க் குடும்பத்தோட சமையலறைக் கதை. அது ஆர்.பி.ஜி. இல்ல, ரொம்பச் சின்னது. அதுக்கே 2024-ல பாஃப்டா விருது கிடைச்சுது. அளவு சின்னதா இருந்தா மதிப்பு கம்மின்னு சொல்ற கட்சிக்கு இதைவிட வேற பதில் வேண்டாம்.

அதனால ஒண்ணே ஒண்ணை எடுங்க. முழுசா முடிங்க. பள்ளிக்கூடம் திறக்குற அன்னிக்கு "எத்தனை கேம் இறக்கின?"ன்னு கேட்க மாட்டேன். "கடைசியில என்ன பண்ணின, யாரைக் காப்பாத்தின?"ன்னுதான் கேட்பேன். பதிலோட வாங்க.